டிஸ்க் கோல்ஃப்: சாயமா, மார்க்கரா, ஸ்டிக்கரா?

டிஸ்க் கோல்ஃப் என்பது பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டை எறிந்து சங்கிலிக் கூடையில் விழவைக்கும் ஆட்டம். அந்தத் தட்டை, அதாவது டிஸ்க்கை, அழகுபடுத்த ஆளாளுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நண்பர்களோடு பொழுதுபோக்காக எறிவதென்றால் எதுவானாலும் சரி. பிடிஜிஏ (தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம்) விதிப்படி நடக்கும் போட்டி என்றால்தான் சிக்கல், அங்கே முக்கியமான கேள்வி ஒன்றுதான்: மேலே சேர்த்த பொருளின் தடிமன் தெரிகிறதா? தெரிந்தால் அந்த டிஸ்க் செல்லாது, அதை எறிந்தவருக்கு எச்சரிக்கைகூட இல்லாமல் நேரே இரண்டு பெனால்டி, அதாவது அவர் கணக்கில் இரண்டு எறிதல் கூடும்.

ஸ்டிக்கரும் பெயின்ட்டும் இதிலேயே அடிபட்டுப் போகின்றன. "ஸ்ப்ரே பெயின்ட் மெல்லிசுதானே" என்பவர்கள் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பார்க்கட்டும். அதுவும் நாலு மரத்தில் மோதினால் செதில் செதிலாக உரிந்துவிடும். (இரவு ஆட்டத்துக்கு டேப் போட்டு ஒட்டும் குட்டி எல்இடி விளக்கு தனிக் கணக்கு, அதை அலங்காரத்தில் சேர்க்காதீர்கள்.)

என் ஓட்டு சாயத்துக்குத்தான். சாயம் மேலே உட்காராமல் பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிடுவதால் தடவினால் ஒன்றுமே தெரியாது, விதியிலும் இடிக்காது. பாலியெஸ்டர் துணிக்குப் போடும் சாயத்தூள்தான் இதற்கும். வினைல் (ஒட்டும் பிளாஸ்டிக் தாள்) ஒட்டி, வேண்டிய இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, சூடான சாயத் தண்ணீரில் குப்புறப் போட்டால் திறந்திருக்கும் இடம் மட்டும் நிறம் பிடிக்கும். ஷேவிங் ஃபோமில் சாயத்தைச் சொட்டவிட்டு அதன்மேல் டிஸ்க்கைக் கவிழ்த்து வைப்பவர்களும் உண்டு, அதில் வரும் கோலம் நம் கையில் இல்லை. சாயத் தண்ணீரில் சூடு கூடினால் டிஸ்க் வளைந்துவிடும், அங்கே அவசரம் ஆகாது. வெள்ளை அல்லது வெளிர் நிற டிஸ்க் வேண்டும், இன்னோவா என்ற டிஸ்க் நிறுவனத்தின் ஸ்டார், சாம்பியன் போன்ற விலை கூடிய பிளாஸ்டிக் நன்றாகப் பிடிக்கும். அதே நிறுவனத்தின் மலிவான டிஎக்ஸ் ரகத்தில் முயற்சி செய்தால் மனசுதான் கஷ்டப்படும்.

மார்க்கர் அழகில் தோற்றாலும் அதை ஒதுக்க முடியாது. போட்டியில் ஒவ்வொரு டிஸ்க்கிலும் உங்களுடையது என்று தெரியும்படி ஓர் அடையாளம் இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் முதல் தடவை எச்சரிக்கை, அப்புறம் ஒவ்வொரு எறிதலுக்கும் ஒரு பெனால்டி. மை தேயும், ஆனால் திரும்ப எழுத ஒரு நிமிஷம் போதும்.

உப்புத்தாள் விஷயத்தில் விதி கொஞ்சம் வேடிக்கையானது. விளிம்பில் அச்சு சேரும் கோட்டில் பிசிறு துருத்திக்கொண்டு விரலைக் கிழிக்கிறதா, மரத்தில் உரசிச் சிராய்ப்பு விழுந்ததா, லேசாகத் தேய்த்து விடலாம். ஆடி ஆடித் தானாகத் தேய்ந்து பறக்கும் விதமே மாறினாலும் குற்றமில்லை. அதே தேய்மானத்தைச் சீக்கிரம் வரவழைக்க வீட்டில் உட்கார்ந்து தேய்த்தால் மட்டும் குற்றம், கிரிக்கெட் பந்தைச் சுரண்டுவது மாதிரிதான்.

சாயம் போடுவதாக முடிவு செய்தால் கரும்பச்சையை மட்டும் தொடாதீர்கள். விதி ஒன்றும் தடுக்காது, புல்லுக்குள் விழுந்தால் தேடப்போவது நீங்கள்தான்.