600 மெகாபிக்சலும் 570 மெகாபிக்சலும் ஒன்றல்ல

கலிஃபோர்னியாவில் பாலோமர் மலைமேல் தொலைநோக்கியில் பொருத்தியிருக்கும் இசட்.டி.எஃப் (ZTF) என்ற வானியல் கேமராவில் சுமார் 600 மெகாபிக்சல். சிலியின் செர்ரோ டோலோலோ மலையில் இருக்கும் டெக்கேம் (DECam) கேமராவில் 570. எண்ணை வைத்துப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. ஆனால் முதலாவது ஒரே படத்தில் 47 சதுர பாகை வானத்தை அள்ளிவிடும். இரண்டாவதுக்கு 3 சதுர பாகைதான். முழுநிலா அடைக்கும் இடமே 0.2 சதுர பாகை என்பதால், டெக்கேமும் லேசுப்பட்டதல்ல.

ஒரு பிக்சலுக்கு எவ்வளவு வானம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இசட்.டி.எஃப்-இல் ஒரு பிக்சலுக்கு 1 ஆர்க்செகண்ட் (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு), டெக்கேமில் 0.26. எண் சிறியதாக இருந்தால் நுணுக்கம் அதிகம். நேற்று இல்லாத சூப்பர்நோவா, அதாவது வெடிக்கும் நட்சத்திரம், இன்று எங்கே முளைத்தது என்று தேட முதலாவது அருமையான கருவி. ஆனால் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளின் ஈர்ப்பால் தொலைதூரக் கேலக்ஸி ஒன்றின் உருவம் கொஞ்சம் நெளிந்திருப்பதை அளக்க அது உதவாது. அதற்கு டெக்கேம் வேண்டும்.

டெக்கேமை எனக்குப் பிடிக்க இன்னொரு காரணம் ஒளியைப் பதிவுசெய்யும் அதன் சிசிடி சில்லுகள். தடிமன் 250 மைக்ரான். மெல்லிய சில்லுகளில் அகச்சிவப்பை ஒட்டிய ஒளி பெருமளவு ஊடுருவிப் போய்விடும், இதில் பிடிபடும். பிரபஞ்சம் விரிவதால் தொலைவிலிருந்து வரும் ஒளி சிவந்துதான் நம்மிடம் சேர்கிறது, அதனால் இது பெரிய லாபம். பிரபஞ்ச விரிவை வேகப்படுத்தும் கரும் ஆற்றலை ஆராய 2013 முதல் 2019 வரை நடந்த வானக் கணக்கெடுப்பு இந்தச் சில்லுகளை நம்பித்தான் நடந்தது.

சரி, சிலியிலேயே இருக்கும் வேரா ரூபின் வானாய்வகத்தின் 3200 மெகாபிக்சல் கேமரா? 9.6 சதுர பாகை, 189 சில்லுகள். எல்லோரும் பிக்சலைச் சொல்கிறார்கள், நான் வியப்பது அதன் வேகத்தை. டெக்கேமின் ஒவ்வொரு சில்லிலும் தகவல் வெளியேற 2 வாசல்கள், படத்தை வாசித்து முடிக்கச் சுமார் 20 விநாடி. ரூபின் சில்லு ஒவ்வொன்றிலும் 16 வாசல்கள், 2 விநாடியில் வேலை முடிந்துவிடும். 30 விநாடிப் படங்களாக எடுத்துக்கொண்டே போகும்போது, ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி காத்திருந்தால் இரவில் ஐந்தில் இரண்டு பங்கு வீண்.

அப்படியானால் ஹவாயில் சுபாரு தொலைநோக்கியின் 870 மெகாபிக்சல் ஹைப்பர் சுப்ரைம்-கேம் பழசாகிவிட்டதா? இல்லை. அதன் பரப்பு ரூபினில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, உண்மைதான். ஆனால் பிக்சல் 0.17 ஆர்க்செகண்ட். சுபாரு நிற்கும் மௌனா கீ மலையின் அமைதியான காற்றில் நட்சத்திரம் வழக்கமாகச் சுமார் 0.6 ஆர்க்செகண்டுக்குள் அடங்குவதால், அந்த நுணுக்கம் வீண்போவதில்லை. மங்கலான கேலக்ஸிகளின் வடிவத்துக்கு என் தேர்வு இதுதான். அப்புறம், வடக்கு வானம். 2013-இல் வெளியான அதன் முதல் படம் ஆண்ட்ரோமீடா கேலக்ஸி, ரூபின் இருக்கும் செர்ரோ பச்சோன் மலையிலிருந்து பார்த்தால் அது தொடுவானத்தை விட்டு 20 பாகைகூட மேலே ஏறாது.