நாவலை முதலில் யாரிடம் நீட்டுவது, எங்கே அனுப்புவது?

முதல் வரைவு முடிந்த கையோடு அதைக் கல்லூரி நண்பனிடம் நீட்டினேன். இரண்டே நாளில் "செமயா இருக்குடா" என்றான். பேச்சுவாக்கில் கிளறியதில், ஏழாவது அத்தியாயத்தைத் தாண்டவே இல்லை என்று தெரிந்தது. கோபம்தான் வந்தது. ஆனால் எனக்குக் கிடைத்த உருப்படியான விமர்சனமே அதுதான். அந்த அத்தியாயத்தில்தான் கதாநாயகியின் ஊர் வரலாற்றைப் பத்துப் பக்கத்துக்கு அளந்திருந்தேன்.

வெறும் வாசகருக்குக் காரணம் சொல்ல வராது, சலித்த இடம் மட்டும் தெரியும். ஆகவே "எப்படி இருக்கு?" என்று கேட்காமல், "எங்கே மூடி வைத்தீர்கள்?" என்று கேளுங்கள். சக எழுத்தாளர் காரணத்தைப் புட்டுப்புட்டு வைப்பார். கூடவே தீர்வும் தருவார். அது பெரும்பாலும் அவர் எழுத நினைக்கும் நாவலுக்குப் பொருந்தும். காரணத்தை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். எடிட்டரிடம் கடைசியாகப் போனால் போதும். ஒற்றுப்பிழை பார்ப்பதையும் எடிட்டிங் என்றே சொல்கிறார்கள், எனவே கதையமைப்பையும் பார்ப்பாரா என்று பேசிக்கொண்டு காசு கொடுங்கள்.

சரி, அனுப்புவது எங்கே? எழுத்தாளர் சார்பில் பதிப்பகத்திடம் பேசும் இலக்கிய முகவர் வழியாகப் போகும் பழக்கம் தமிழில் குறைவு. பதிப்பகத்துக்கே நேராக எழுதலாம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்பதால் நவம்பர், டிசம்பரில் அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. காட்சி முடிந்து அவர்கள் மூச்சு விட்டபின் அனுப்புவது மேல். முதல் மூன்று அத்தியாயங்கள், ஒரு பக்கக் கதைச்சுருக்கம் போதும். சுருக்கத்தில் முடிவையும் சொல்லிவிடுங்கள். பதிப்பாளரிடம் என்ன சஸ்பென்ஸ்? கோப்பு, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் இருக்கட்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடக்கும்.

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு, நாமே மின்னூலாக வெளியிட அமேசானின் கிண்டில். அச்சு நூலில் ராயல்டி, அதாவது எழுத்தாளருக்கான பங்கு, பொதுவாக 10 சதவீதம். கிண்டிலில் 35 அல்லது 70. இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமென்றால் அமேசானின் 'கேடிபி செலக்ட்' திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாட்களுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் வெளியிட முடியாது. சதவீதம் பெரிதாகத் தெரிந்தாலும், நூலை ஆளுக்கு ஆள் கொண்டுசேர்க்கும் வேலை முழுக்க உங்கள் தலையில். முதல் நாவலுக்கு என் ஓட்டு பதிப்பகத்துக்குத்தான்.

எழுத்தாளரிடமே பணம் வாங்கிக்கொண்டு நூல் போடுகிறவர்களும் உண்டு. ஒருவர் என்னிடம் 200 பிரதிகளை நானே வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். எங்கள் வீட்டுப் பரண் சின்னது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.