சென்னை வெயிலில் ஒரு செடியா கார்: வீட்டு வாசலிலேயே பராமரித்த அனுபவம்

என்னிடம் இருப்பது மிட்சுபிஷி லான்சர் செடியா. 2006இல் இந்தியச் சந்தைக்கு வந்த இந்தக் கார், சென்னைக்குப் பக்கத்தில் திருவள்ளூரில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் தயாரானது. 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 115 குதிரைத்திறன், ஐந்து கியர். இன்றைய சிறிய டர்போ கார்கள் நேர்ச்சாலையில் இதை எளிதாக முந்திவிடும். ஆனால் பின்சக்கரங்களுக்கும் தனித்தனியாக மல்டிலிங்க் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரத்தையும் பல தண்டுகள் பிடித்திருக்கும் அமைப்பு) கொண்ட இதை ஒரு நல்ல வளைவில் திருப்பிப் பார்த்தவர்களுக்கு, எம்.ஆர்.எஃப். அணி இதை ஏன் ராலிகளில் ஓட்டியது என்பது புரியும். வேகத்துக்குப் பேர்போன லான்சர் எவல்யூஷன் 7, 8, 9 வகைகளின் அடிப்படை உடலமைப்பும் இந்தக் காருடையதுதான்.

பல ஆண்டுகளாக நங்கநல்லூர் வீட்டு போர்ட்டிகோவில் இதன் பெரும்பாலான வேலைகளை நானே செய்து வருகிறேன். இந்த ஊரில் காரை மாற்றியமைக்க விரும்புகிறவர் முதலில் சமாளிக்க வேண்டியவை வெப்பமும் தண்ணீரும். குதிரைத்திறனைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

கத்திரி வெயிலில், ஏ.சி. ஓட, கத்திப்பாரா நெரிசலில் நிற்கும் காரை நினைத்துப் பாருங்கள். ஓடும்போது கிடைக்கும் காற்று அப்போது இல்லை. ரேடியேட்டரைக் குளிர்விப்பது விசிறி மட்டுமே. அதனால் விசிறி மோட்டார், அதன் ரிலே, ரேடியேட்டர் மூடி ஆகிய மூன்றையும் கோடைக்கு முன்பே பார்த்துவிடுவேன். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் உள்ளே அழுத்தம் நிற்காது, கூலன்ட் சீக்கிரம் கொதிக்கும். மிக மலிவான பொருள், ஆனால் பலரும் கடைசியில்தான் அதைச் சந்தேகிக்கிறார்கள். கூலன்டை வாலைவடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) கலந்துதான் ஊற்ற வேண்டும். எங்கள் பகுதிப் போர் தண்ணீரில் உப்பு அதிகம். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும்.

எஞ்சின் சூடாகும் வரை கூலன்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. "சென்னையில் குளிரா அடிக்கிறது, இது எதற்கு சார்?" என்று கேட்பார்கள். இதில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் உரிய வெப்பநிலைக்கு வரத் தாமதமாகும். அதுவரை எஞ்சின் கணினி கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். எஞ்சின் ஆயிலில் சேரும் ஈரமும் ஆவியாகாமல் தங்கிவிடும். கார் சூடானால் காரணத்தைத் தேட வேண்டும், காரணத்தோடு சேர்த்து நல்ல பாகத்தையும் பிடுங்கிப் போடக் கூடாது.

அடுத்தது ஏர் ஃபில்டர். ஆர்வலர்கள் முதலில் வாங்குவது கூம்பு வடிவத் திறந்த ஃபில்டர்தான். சத்தம் அருமையாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பானெட்டுக்கு அடியில் திறந்து கிடக்கும் ஃபில்டர் உறிஞ்சுவது எஞ்சினின் வெந்த காற்றை. காற்று சூடானால் அடர்த்தி குறையும், ஆக்சிஜன் குறையும், சக்தியும் குறையும். சரி, குளிர்ந்த காற்று வேண்டுமென்று குழாயைப் பம்பர் வரை இறக்கினால் மழைக்காலத்தில் எஞ்சினுக்கே ஆபத்து. தேங்கிய நீரை அது உறிஞ்சிவிட்டால் கதை முடிந்தது. தண்ணீரைக் காற்றைப் போல அழுத்திச் சுருக்க முடியாது, மேலே வருகிற பிஸ்டன் நீரில் மோதி, அதைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துபோகும். உயரத்திலிருந்து வெளிக்காற்றை எடுக்கும், கம்பெனியே பொருத்திய ஃபில்டர் பெட்டியையே வைத்துக்கொண்டு, உள்ளே நல்ல பேனல் ஃபில்டர் மட்டும் போட்டிருக்கிறேன். சென்னைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

பிரேக்கில் மட்டும் நான் கை சுருக்கவில்லை. நல்ல பேட்கள், எஃகு வலை சுற்றிய ஹோஸ்கள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதிய பிரேக் ஆயில். டாட் 4 வகை பிரேக் ஆயிலுக்கு, புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அதே விதி கேட்பது 155 டிகிரிதான். கடற்காற்று வீசும் நம் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓட்டப் போவதாக இருந்தால் பழைய பிரேக் ஆயிலோடு போகவே போகாதீர்கள். பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும் 'ஏர் எடுக்கும்' வேலைக்குத் தங்கை பெடலை மிதிப்பாள், நான் கீழே நிப்பிளைத் திறந்து மூடுவேன். "மிதி", "பிடி", "விடு" என்ற மூன்று சொற்களில் வேலை முடிந்துவிடும். சக்கரத்தைக் கழற்றும் எந்த வேலையானாலும் ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்டாண்ட் வைக்காத காருக்கு அடியில் ஒரு விரலைக்கூட நீட்டக் கூடாது.

சஸ்பென்ஷனில் காரைத் தாழ்த்தவில்லை. நம் தெருக்களின் வேகத்தடைகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட், எஞ்சின் மவுன்டிங் என்று வெப்பத்தில் வெடித்துப்போன ரப்பர்களை எல்லாம் மாற்றினேன். வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாருக்கு மட்டும், ரப்பருக்குப் பதிலாகப் பாலியூரித்தேன் புஷ் போட்டேன். அந்த வேலை முடிந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டியபோது கிடைத்த மகிழ்ச்சியை எந்த எஞ்சின் மாற்றமும் தந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். கடலோரம் போய்வந்தால் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கதவுகளின் அடியில் உள்ள வடிகால் துளைகளையும் அடைப்பு நீங்கக் குத்திவிடுங்கள், துரு தொடங்குவது அங்கேதான்.

உதிரி பாகங்களுக்கு ஜி.பி. ரோடு, இல்லாவிட்டால் புதுப்பேட்டை. பாகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டால் கையில் கிடைப்பது வேறொரு லான்சரின் பாகமாக இருக்கும், பார்ட் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். இதே தலைமுறை லான்சர் பல நாடுகளில் விற்றதால், எண் சரியாக இருந்தால் வெளிநாட்டிலிருந்தும் வரவழைக்க முடிகிறது.

இப்போது என் கவலை 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான், மைலேஜ் சற்றுக் குறைவது இயல்பு. எனக்கு அதைவிட முக்கியம் பழைய ரப்பர் குழாய்கள். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ்களாக அவற்றை மாற்றிவிட்டேன். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் காரை வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதில்லை.

சைலன்சரைத் தொடவில்லை. அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவு, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், விடியற்காலையில் தெருவையே எழுப்பும் கார் எனக்கு வேண்டாம்.

பழைய செடியா தேடுகிறவர்கள், 2015 வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயலிலோ அது தண்ணீரில் மூழ்கி நின்றதா என்று பாருங்கள். மிக்ஜாமின்போது எங்கள் பக்கத்தில் பலர் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் காரை நிறுத்தித் தப்பித்தார்கள், எல்லோருக்கும் அந்த வாய்ப்பு இல்லை. சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துச் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சீட்டின் அடி போல்ட்டுகள், ஸ்டெப்னி வைக்கும் குழி, கார்ப்பெட்டின் அடிப்பகுதி ஆகியவற்றையும் விடாதீர்கள். டாஷ்போர்டுக்குக் கீழே வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.