கடற்கரை நடையா, நாற்காலிப் பயிற்சியா? ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டிகள் வராது, தரையும் சமம். கீமோ சோர்வுக்கு நடை நன்றாகவே உதவும். 10 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு 2, 3 நிமிடம் கூட்டி, 30 நிமிடத்துக்குக் கொண்டுவரலாம். வாரம் 3 நாள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

சிக்கல் கூட்டம்தான். நியூட்ரோபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணு) குறைந்த நாட்களில் அந்தப் பக்கமே போக வேண்டாம். கடலூர் தேவனாம்பட்டினம் மணலும் எல்லோருக்கும் ஒத்துவராது: வின்கிரிஸ்டின், போர்டெசோமிப் மருந்துகளால் பாதம் மரத்துப்போனவர்களுக்குக் கால் எங்கே பதிகிறது என்றே தெரியாது.

நாற்காலிப் பயிற்சியைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். சிகிச்சையில் தரும் ஸ்டீராய்டு முதலில் பதம் பார்ப்பது தொடைத் தசையைத்தான். அதற்கு நடை மட்டும் போதாது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். மொசைக் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கிவிடும். கையை ஊன்றாமல் 8 முறை எழுந்து உட்கார்ந்து, 2 நிமிடம் ஓய்வெடுத்து, மறுபடி 8. வாரம் 2 நாள். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள், அடக்காதீர்கள்.

பிளேட்லெட் (ரத்தத்தை உறைய வைக்கும் அணு) 20,000-க்குக் கீழே (ரிப்போர்ட்டில் 0.20 லட்சம் என்றிருக்கும்) இறங்கினாலோ, காய்ச்சல் 100.4°F தொட்டாலோ, நடை, நாற்காலி இரண்டையும் நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள். மைலோமாவில் (எலும்பு மஜ்ஜையில் வரும் ரத்தப் புற்றுநோய்) எலும்பு அரித்திருந்தால் குனிந்து எடை தூக்குவதும் இடுப்பை முறுக்குவதும் கூடவே கூடாது.

ஒன்றுதான் முடியும் என்றால், சிகிச்சை நடக்கும்வரை நாற்காலி. ரத்த அணுக்களின் எண்ணிக்கை ஏறியதும் நடையைச் சேர்க்கலாம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் வேண்டாம்.