ஜோகன்னஸ்பர்க் சர்வர், டர்பன் ஆட்டக்காரர்: லேக் எங்கிருந்து வருகிறது?

கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 என்ற இணைய ஆட்டங்கள் இரண்டுக்கும் அவற்றைத் தயாரித்த வால்வ் நிறுவனம் ஜோகன்னஸ்பர்க்கில் வைத்திருக்கும் சர்வர்கள் தரமானவை. டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ ஃபைபர் உள்ள வீட்டிலிருந்து ஆடினால் பிங் (சிக்னல் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) 10 முதல் 15 மில்லிசெகண்டுக்குள் நிற்க வேண்டும். நிற்காமல் ஆட்டம் திணறினால், அதாவது லேக் வந்தால், கோளாறு பெரும்பாலும் வேறெங்கோ இருக்கிறது. சர்வர் பக்கம் குறையே இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிற குறைகள் எரிச்சலூட்டுபவைதான். ஆனால் எது யாருடைய குறை என்று பிரித்துப் பார்க்காமல் திட்டினால் எதுவும் சரியாகாது.

முதலில் கணக்கு. ஃபைபருக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அதாவது ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் போய்வர 1 மில்லிசெகண்ட். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் ஏறக்குறைய 570 கிலோமீட்டர். ஆக 6 மில்லிசெகண்ட் தூரத்துக்கே போய்விடும், மீதி கருவிகளுக்கு. வாலரண்ட் ஆடுகிறவர்களுக்கு சர்வர் கேப் டவுனில். அங்கே 25 முதல் 35 வரை வந்தால் நியாயமான எண். லண்டன் என்றால் 160க்கு மேல். ஃபோர்ட்நைட்டில் ஆப்பிரிக்காவுக்கென்று தனி ரீஜன் (சர்வர் வட்டாரம்) கிடையாது, எனவே அந்த ஆட்டத்தில் 150க்குக் கீழே வரவில்லை என்று இணைய நிறுவனத்தோடு சண்டை போடுவது வீண். "பிங்கைப் பாதியாக்குகிறோம்" என்று மாதச் சந்தா கேட்கும் பூஸ்டர் சேவைகளுக்கும் இதே கணக்குதான். பாதை சுற்றிப் போனால் அவர்களால் நேராக்க முடியும். பாதை ஏற்கெனவே நேராக இருந்தால் காசுதான் போகும். ஒரு மாத இலவசச் சோதனை தராத பூஸ்டரை வாங்காதீர்கள்.

சென்னையில் இருக்கும் மாமா மகனோடு சேர்ந்து ஆட ஆசைப்படுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். சேஃப் என்ற கடலடி இணையக் கேபிள் கடலுக்குள் இறங்குவது டர்பனுக்கு வடக்கே, நமக்குப் பக்கத்து ம்டுன்சினியில்தான். அங்கிருந்து ரீயூனியன், மொரீஷியஸ் வழியாகக் கொச்சிக்கே போகிறது. வரைபடத்தைப் பார்த்தால் 100க்குள் பிங் வர வேண்டும் போலத் தோன்றும். ஆனால் பாக்கெட் (தரவுத் துண்டு) எந்தக் கேபிளில் ஏறும் என்பதை முடிவு செய்வது இணைய நிறுவனங்களுக்குள்ளான ஒப்பந்தம். பல நேரம் அது ஐரோப்பா வரை போய் மும்பைக்குத் திரும்பும். 250, 300 என்று எண் காட்டுவது அதனால்தான். இரண்டு பேரும் சமாளிக்க வேண்டுமானால் டோட்டா 2தான் சரி. அதில் ரீஜனை நாமே தேர்ந்தெடுக்கலாம், 200 பிங்கிலும் சப்போர்ட் ஹீரோ (அணிக்குத் துணை நிற்கும் பாத்திரம்) ஆடிவிடலாம். கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் அது சித்திரவதை.

கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 மீது எனக்கு இருக்கும் பெரிய மனக்குறையும் இதுதான்: ரீஜனைத் தேர்ந்தெடுக்க நேரடி வசதி இல்லை. இருப்பது, மேட்ச்மேக்கிங்குக்கு (ஆட்டத்துக்கு ஆள் சேர்ப்பதற்கு) ஏற்கத்தக்க அதிகபட்ச பிங் எவ்வளவு என்று சொல்லும் ஒரே ஒரு அளவுகோல், செட்டிங்ஸில் கேம் பக்கத்தில். அதை 200க்கு மேல் விட்டுவைத்தால் வார நாள் காலையில் ஆள் குறைவாக இருக்கும்போது ஐரோப்பிய சர்வரில் கொண்டுபோய்ப் போடும், நம் ஆள் "சர்வர் லேக்" என்று கத்துவார். 80க்கு இறக்குங்கள். ஐரோப்பா வராது. பதிலுக்கு ஆட்டம் கிடைக்கக் கூடுதல் நேரம் காத்திருக்க வேண்டும், மாலை 6 மணிக்குப் பிறகு அந்தத் தொல்லையும் குறையும். தென்னாப்பிரிக்காவில் ஆடுகிறவர் எண்ணிக்கை சிறியது. அதைச் சர்வரால் சரிசெய்ய முடியாது.

சுவருக்குப் பின்னால் ஒதுங்கிய பிறகும் சாவு வருகிறதே என்பது அடுத்த புகார். உங்கள் பிங் 12 ஆக இருந்தாலும் இது நடக்கும். எதிராளி மொபைல் டேட்டாவில் 120 பிங்கில் ஆடினால், அவர் சுட்ட கணத்தில் அவர் திரையில் நீங்கள் எங்கே இருந்தீர்களோ அதை வைத்துத்தான் சர்வர் தீர்ப்புச் சொல்கிறது. கோளாறு இல்லை, வடிவமைப்பே அப்படி. ஸ்கோர்போர்டைத் திறந்து அவருடைய பிங்கைப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும்.

சர்வர்தான் திணறுகிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு. திணறல் வந்த அதே நொடியில் ஸ்கோர்போர்டைத் திறங்கள். பத்துப் பேருக்கும் பிங் சேர்ந்து எகிறினால் சர்வர் அல்லது அதன் வாசலில் உள்ள இணைப்பு. உங்களுக்கு மட்டும் எகிறினால் உங்கள் பக்கம். இரண்டாவது வகை என்றால், கமாண்ட் பிராம்ப்ட் இரண்டு ஜன்னல் திறந்து, ஒன்றில் உங்கள் ரவுட்டருக்கும் மற்றொன்றில் ட்ரேஸ்ரூட்டில் (பாக்கெட் போகும் வழியிலுள்ள முகவரிகளை வரிசையாகக் காட்டும் கட்டளை) ரவுட்டரை அடுத்து வரும் முகவரிக்கும் நிற்காமல் பிங் ஓடவிட்டு ஆடுங்கள். ரவுட்டருக்குப் போகும் பிங்கே 1, 2, 80, 3, 140 என்று குதித்தால் வைஃபைதான் வில்லன். சாட்ஸ்வொர்த்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் ஒன்றோடொன்று மோதும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், முடிந்தால் லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். கேபிளுக்கு ஈடு எதுவும் இல்லை.

ரவுட்டர் சுத்தமாக இருந்து அடுத்த முகவரி மட்டும் எகிறினால், முதலில் வீட்டில் யாராவது அப்லோட் செய்கிறார்களா என்று பாருங்கள். கல்யாண வீடியோவை அக்கா போனிலிருந்து கிளவுடுக்கு ஏற்றினால் போதும், அப்லோட் வரிசை நிரம்பி உங்கள் பாக்கெட் பின்னால் காத்துக் கிடக்கும். வேகத்தைக் கூட்டி வாங்குவது இதற்கு மருந்தல்ல. ரவுட்டரில் எஸ்கியூஎம் (பாக்கெட் வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும்) வசதி இருந்தால் அதைப் போட்டு, அப்லோட் 25 எம்பிபிஎஸ் என்றால் 22க்குக் கட்டிவையுங்கள். பிங் உடனே அடங்கும். அப்லோட் எதுவும் ஓடாமலேயே எகிறினால்தான் இணைய நிறுவனத்தின் தவறு.

ட்ரேஸ்ரூட் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை. நடுவில் ஒரு முகவரியில் மட்டும் பாக்கெட் இழப்பு என்று காட்டி, அதன் பின்னால் உள்ளவை சுத்தமாக இருந்தால் அது இழப்பே இல்லை. அந்தக் கருவி பிங்குக்குப் பதில் சொல்வதைப் பின்தள்ளுகிறது, அவ்வளவுதான். இழப்பு கடைசி வரை தொடர்ந்தால் மட்டுமே கணக்கில் எடுங்கள்.

கடல் கேபிள் அறுந்தால் என்ன ஆகும் என்பதை 2024 நன்றாகவே காட்டியது. மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட் கடற்பகுதியில் வாக்ஸ், சாட்-3, ஏஸ், மெயின்ஒன் ஆகிய நான்கு கேபிள்களும் பழுதாகின. மே 12 அன்று டர்பனுக்கு வடக்கே ஈசி, சீகாம் என்ற கேபிள்களும் அறுந்தன. உள்ளூர் சர்வரில் ஓடும் ஆட்டத்துக்கு இதனால் நேரடி பாதிப்பு இல்லை. ஆனால் லாகின், நண்பர் பட்டியல் போன்றவை வெளிநாட்டு சர்வர்களை நம்பியிருந்தால், ஆட்ட சர்வர் அருகிலேயே உயிரோடு இருந்தும் உள்ளே நுழைய முடியாது. அந்த மாதிரி நாளில் ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்துகொண்டே இருப்பதால் பயனில்லை. வால்வின் ஆட்டத் தளமான ஸ்டீமின் வாராந்தரப் பராமரிப்பும் அப்படித்தான். அமெரிக்காவில் செவ்வாய் மாலை, நமக்குப் புதன் அதிகாலை 1 அல்லது 2 மணி. அந்த நேரத்தை ஒட்டி ரேங்க் ஆட்டம் தொடங்காதீர்கள்.

லேக்குக்கு இன்னொரு காரணம் மின்வெட்டு. அதற்கு மினி யுபிஎஸ் (ரவுட்டருக்கான சிறு பேட்டரிப் பெட்டி) வாங்குகிறவர்கள் பெட்டியில் உள்ள 8800 எம்ஏஎச் என்ற எண்ணை நம்பி ஏமாறுகிறார்கள். அது 3.7 வோல்ட்டுக்கான கணக்கு. பெருக்கினால் சுமார் 32 வாட்-மணி, மாற்றும்போது வீணாவது போக 27. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து 15 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. லோட் ஷெடிங் ஒரு வேளை 2 மணி நேரம் என்று வைத்தால் கடைசி ரவுண்டில் கை விட்டுவிடும். ஒரு படி பெரியதாக வாங்குங்கள். இரண்டு அடாப்டர்களிலும் எழுதியிருக்கும் வோல்ட்டையும் பாருங்கள். 12 வோல்ட் பெட்டிக்கு 9 வோல்ட் வாயைச் செருகினால் அது எழும்பி விழுந்துகொண்டே இருக்கும்.

யுபிஎஸ் ஓடியும் நெட் இல்லை என்றால் ஃபைபர் பெட்டியின் விளக்கைப் பாருங்கள். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை, ஃபைபர் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது எதிர்முனை செத்திருக்கிறது. பான் (ஃபைபர் இணைப்பு) விளக்கு பச்சையாக நின்றும் நெட் இல்லை என்றால் கம்பி சரி, கோளாறு அதற்கு அப்பால். புகார் கொடுக்கும்போது இந்த விளக்கின் படம், கேபிளில் இணைத்து எடுத்த ட்ரேஸ்ரூட், தேதி, நேரம் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். "நெட் ஸ்லோ" என்று மட்டும் எழுதினால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லும் பதில்தான் வரும். இந்த மூன்றும் இருந்தால் அந்தப் படியைத் தாண்டி நெட்வொர்க் ஆட்களிடம் போகும்.