ரூபிக் கியூப்: பல வருடம் திருப்பிய பிறகு

1974இல் புடாபெஸ்டில் இதைச் செய்த எர்னோ ரூபிக்குக்கே, கலைந்ததைத் திரும்பச் சேர்க்க ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. இன்று காணொளி பார்த்து ஒரே வாரத்தில் சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் ஃபார்முலாவை, அதாவது எந்தப் பக்கத்தை எந்த வரிசையில் திருப்புவது என்பதை, மட்டும் நெட்டுரு போட்டவர்கள் பெரும்பாலும் சேர்க்க ஒன்றரை நிமிடம் என்ற வேகத்திலேயே தேங்கிவிடுகிறார்கள். எந்தத் துண்டு எந்த வழியாகப் போகிறது என்று அவர்கள் பார்ப்பதே இல்லை.

சேர்ந்த கியூபில் இதைச் செய்து பாருங்கள். வலது பக்கம் மேல்நோக்கி. மேல் அடுக்கின் முன்பக்கம் இடப்புறம். வலது பக்கம் கீழ்நோக்கி. மேல் அடுக்கு பழையபடி வலப்புறம். எல்லாமே கால் சுற்று. கண் மட்டும் முன்பக்கத்து வலது மேல்மூலையை விட்டு நகரக் கூடாது. நான்கு திருப்பு முடிந்ததும் அந்த மூலை கீழே இறங்கியிருக்கும். இன்னொரு முறை செய்தால் தன் இடத்துக்கே வரும், ஆனால் நிறம் முறுக்கிக்கொண்டு நிற்கும். மூன்றாம் முறை முடிவில் (இரு நிறமுள்ள) ஓரத் துண்டுகள் எல்லாம் சரியாக இருக்க, நான்கு மூலைகள் மட்டும் இடம் மாறியிருக்கும். ஆறாம் முறையில் எல்லாம் பழையபடி. மூலையை இருந்த இடத்திலேயே முறுக்கும் கடைசிக் கட்டத்து வித்தை இதிலிருந்து வந்ததுதான்.

அடுத்து பலர், கடைசி அடுக்கின் மேல்முகத்தை ஒரே நிறமாக்க 57, பிறகு அந்தத் துண்டுகளை இடத்தில் சேர்க்க 21 என்று 78 ஃபார்முலாவில் குதிக்கிறார்கள். வீண் அவசரம். ஒவ்வொன்றையும் இரண்டு படியாகச் செய்தால் 16 போதும். அதைவிட லாபம், கீழ் இரண்டு அடுக்கைச் சேர்க்கும்போது மூலையையும் அதன் ஓரத்தையும் மேலேயே ஜோடி சேர்த்து ஒன்றாக இறக்குவது. அந்த ஜோடி நிற்கும் நிலையில் 41 வகை உண்டு. ஒன்றைக்கூட மனப்பாடம் செய்யாமல், மெதுவாகத் திருப்பிப் பார்த்தே பிடித்துவிடலாம்.

கியூபும் ஒத்துழைக்க வேண்டும். இறுகினால் ஒவ்வொரு பக்கத்தின் நடுமூடியையும் கழற்றி, உள்ளே இருக்கும் ஆறு திருகையும் ஒரே அளவு, கால் சுற்றுக்கு மேல் போகாமல் தளர்த்துங்கள். சிலிகான் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் தூசியைச் சேர்த்துப் பிசுபிசுக்கும், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

அதிகம் தளர்த்தினால் வேகத்தில் ஒரு மூலை தானாக முறுக்கிக்கொள்ளும். கடைசியில் ஒரே ஒரு மூலை மட்டும் தப்பாக நின்றால் எந்த ஃபார்முலாவும் எடுபடாது. அந்த மூலையை மட்டும் கையால் முறுக்கிவிடுங்கள். கழன்ற துண்டுகளைக் கண்டபடி மாட்டினாலும் வம்புதான்: பன்னிரண்டில் ஒரு முறைதான் அது சேரும். சேர்ந்த நிலையிலேயே மாட்டிவிட்டு, பிறகு கலையுங்கள்.