‘ஐ7’ என்று மட்டும் எழுதிய பில்லை வாங்காதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பிள்ளைகளுக்குக் கேமிங் பிசி வாங்க நினைத்திருப்பவர்கள் காசை எண்ணிக் கொடுக்க முன் இதை வாசித்துவிடுங்கள். கல்லடியில் எங்கள் வீட்டில் 178,000 ரூபாய் எப்படிப் போனது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். அதில் ஒரு லட்சம் அம்மா மாதா மாதம் கட்டி எடுத்த சீட்டுக் காசு. மிச்சம் என்னுடையது.

தம்பி உயர்தரம் எழுதி முடித்த கையோடு கேட்டான். விளையாட மட்டுமில்லை, விளையாடுவதைப் பதிவு செய்து வெட்டி ஒட்டி வீடியோ போடவும் பழக வேண்டும் என்றான். சரியென்று டவுனில் ஒரு கடைக்குப் போனோம். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு போயிருக்கிறது, அது முடியட்டும்.

முதலாளி நன்றாகத்தான் கதைத்தார். “தம்பி, இது ஐ7. ஐ3, ஐ5 எல்லாம் இதுக்குக் கிட்டவும் வராது. கார்டும் பெட்டி உடைக்காத புதுசு. அஞ்சு வருசத்துக்கு ஒண்டும் பார்க்கத் தேவையில்லை” என்றார். ஐ7 என்பது இன்டெல் ப்ராசசரின், அதாவது கணினியின் மூளையின், பெயர். கார்ட் என்றது படத்தை வரைகிற கிராஃபிக்ஸ் கார்டை. எங்கள் கண் முன்னாலேயே ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்ற அந்தக் கார்ட் பெட்டியின் சீலை வெட்டி, கார்டை எடுத்துப் பூட்டிக் காட்டினார். அந்தக் கார்ட் உண்மையிலேயே புதிது. நாங்கள் ஏமாந்த இடமும் அதுதான். எங்கள் கண் முழுக்கக் கார்டில் இருந்தது. அதைப் பூட்டிய மதர்போர்டையும், உள்ளே ஏற்கெனவே இருந்த ப்ராசசரையும் யாரும் பார்க்கவில்லை. கேசிங்கில் ‘ஐ7’ ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தது, அது போதுமென்று நினைத்துவிட்டோம்.

வீட்டுக்குக் கொண்டு வந்த அன்றே முதல் பிரச்சினை. வேலரண்ட் என்ற சுடும் விளையாட்டு திறக்கவே இல்லை. டிபிஎம் 2.0உம் செக்யூர் பூட்டும் (கணினியின் இரண்டு பாதுகாப்பு ஏற்பாடுகள்) வேண்டும் என்று அறிவித்தல் வந்து நின்றது. விண்டோஸ் 11இல் அந்த விளையாட்டு இவை இரண்டும் இல்லாமல் ஓடாது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்திய ப்ராசசர்களை, ஒருசிலவற்றைத் தவிர, விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதுமில்லை. கடைக்காரர் அந்தச் சோதனையைத் தாண்டும்படி செய்துதான் நிறுவியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போது “விண்டோஸ் பிழை” என்று சொல்லி, மூன்று நாள் வைத்திருந்து விண்டோஸ் 10 போட்டுத் தந்தார். 2025 அக்டோபர் 14உடன் மைக்ரோசொஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. இந்தத் தகவலையும் அவர் சொல்லவில்லை.

கேம் திறந்தது. சும்மா நடக்கும்போது நொடிக்கு 110 ஃப்ரேம், அதாவது 110 படம், காட்டும். நாலு பேர் ஒரு இடத்தில் சேர்ந்து சுடத் தொடங்கினால் 60க்கு விழும், படம் வெட்டி வெட்டிப் போகும். பதிவு செய்யப் போனால் இன்னும் மோசம். தம்பி எல்லா செட்டிங்கையும் குறைத்தான். திரையை 1080இலிருந்து 720க்கு இறக்கினான். படம் மங்கியது, ஃப்ரேம் எண்ணிக்கை அசையவேயில்லை. கடைக்குப் போன் பண்ணினால் ஒரு நாள் “நெட் பிழை”, இன்னொரு நாள் “கேம் பிழை”. தம்பி தனக்குத்தான் விளையாடத் தெரியவில்லை என்று நினைக்கத் தொடங்கிவிட்டான். எனக்கு மனம் கேட்கவில்லை. கேசிங்கைத் தூக்கிக்கொண்டு காத்தான்குடியில் எனக்குத் தெரிந்த ஒரு நானாவிடம் போனேன். வீட்டிலேயே வைத்துத் திருத்துகிறவர்.

அவர் முதலில் கேமை ஓட விட்டு, எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். கார்ட் 45 சதவீதத்தில் சும்மா இருக்கிறது. ப்ராசசரின் ஓரிரு கோடுகள் மட்டும் உச்சியில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. “தம்பி, செட்டிங் குறைச்சும் ஃப்ரேம் கூடல்லையெண்டா கார்டில பிழையில்ல. கார்டுக்கு வேலை வந்து சேரல்ல” என்றார். அவருடைய வீட்டில் தையல் நடக்கிறது. அதையே காட்டிச் சொன்னார்: வெட்டிக் கொடுக்கிறவரின் கை மெதுவாக இருந்தால், தைக்கிற மெஷின் எவ்வளவு வேகமாக இருந்தும் துணிக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

கணினியிலும் அப்படித்தான். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் யார் எங்கே நிற்கிறார், குண்டு எங்கே படுகிறது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது ப்ராசசர். அதை வாங்கி வரைவது கார்ட். நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒன்றுக்கு 16.7 மில்லிசெக்கன்தான் கிடைக்கும். ப்ராசசருக்கே 30 மில்லிசெக்கன் பிடித்தால் எந்தக் கார்டைப் பூட்டினாலும் 33ஐத் தாண்டாது. 4கே திரையில் பாரமெல்லாம் கார்ட் பக்கம் போய்விடும். எங்கள் பிள்ளைகள் விளையாடுவது 1080 திரையில், செட்டிங்கைக் குறைத்து, போட்டி விளையாட்டுகள். அங்கே ப்ராசசர்தான் முதலில் மூச்சு வாங்கும்.

பிறகு பக்கத் தகட்டைக் கழற்றினார். எச்61 என்ற பழைய போர்ட். ரேம் (வேலை நடக்கும்போது பாவிக்கும் நினைவகம்) டிடிஆர்3 என்ற பழைய வகை, அதுவும் 8 ஜிபியில் ஒரே ஒரு துண்டு. விசிறியைக் கழற்றி, ப்ராசசரின் மேல் காய்ந்து கிடந்த, சூடு கடத்தும் பேஸ்ட்டை டிஷ்யூவால் மெதுவாகத் துடைத்தார். சாம்பல் நிறம் போகப் போக எழுத்துத் தெரிந்தது: ஐ7-2600. அதற்கு மேல் வரியில், காப்புரிமை அடையாளத்தோடு ’10, அதாவது 2010. இன்டெல் 2011 ஜனவரியில் விட்ட ப்ராசசர் அது. 2010இல் என் தம்பிக்கு நாலு வயது, அம்மா கையைப் பிடித்து நேர்சரிக்குக் கூட்டிப் போவார். புதுசு என்று அம்மாவின் சீட்டுக் காசைக் கொடுத்து நாங்கள் வாங்கிய மூளை அந்தக் காலத்தது.

ஐ7 என்பது பொய் இல்லை, அதனால்தான் இது கூடுதல் ஆபத்து. ஐ7 என்ற பெயரை இன்டெல் ஒவ்வொரு தலைமுறைக்கும் வைத்துக்கொண்டே வந்தது. கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. தம்பி டாஸ்க் மேனேஜரில் 2600 என்பதை முன்பே பார்த்திருக்கிறான். அது என்ன எண் என்று எங்களுக்குச் சொல்லித் தர ஆளில்லை.

கார்டிலும் ஒரு விஷயம் இருந்தது. பெரும்பாலான கேமிங் கார்ட்கள் போர்டோடு பேச 8 அல்லது 16 பாதைகள் வைத்திருக்கும். 6500 எக்ஸ்டிக்கு நாலுதான். பிசிஐ எக்ஸ்பிரஸ் என்பது அந்தப் பாதைகளின் பெயர்; அதில் 4.0 உள்ள போர்டில் அந்த நாலு பாதையில் நொடிக்குச் சுமார் 8 ஜிபி போகும். எங்களுடைய பழைய ப்ராசசர் 2.0, அதில் சுமார் 2 ஜிபிதான். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, பஸ் இன்டர்ஃபேஸ் என்ற வரியில் ‘எக்ஸ்4 2.0’ என்று இருப்பதை நானா விரல் வைத்துக் காட்டினார். கார்டின் சொந்த நினைவகம் 4 ஜிபி. ஜீடிஏ 5 விளையாட்டில் டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்புப் படங்களின் தரத்தை)க் கூட்டி அது நிரம்பிவிட்டால், மிச்சம் எல்லாம் இந்த ஒடுங்கிய வழியால்தான் வர வேண்டும். வெட்டி வெட்டிப் போனதற்கு அதுவும் காரணம். பதிவு விஷயம் இன்னும் கவலை: இந்தக் கார்டில் வீடியோவைச் சுருக்கிப் பதியும் தனிப் பகுதி கிடையாது. அந்த வேலையும் ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த ப்ராசசரின் தலையில்தான் விழுந்தது. வீடியோ செய்யப் போகிறான் என்று நாங்கள் கடையில் இரண்டு தரம் சொன்னோம்.

திரும்பக் கடைக்குப் போனேன். “ஐ7 கேட்டீங்க, ஐ7தானே தந்த” என்றார். பில்லை எடுத்துப் பார்த்தால் ‘ஐ7 ஃபுல் செட் கார்டுடன்’ என்ற ஒரு வரி, ஒரு தொகை. தலைமுறை இல்லை, மாடல் எண் இல்லை, பாவித்த சாமான் என்ற சொல்லும் இல்லை. திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அவர்களுடைய உடனடி இலக்கம் 1977. வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், எனக்கு அதில் பத்து நாள்தான் மிச்சம் இருந்தது. பெட்டி, பில், வாரண்டி அட்டை, கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப் எதையும் அழிக்காமல் வையுங்கள்.

தம்பியைக் காக்க வைக்க முடியாமல், கைமாற்று வாங்கி ஐ3-12100எஃப், எச்610 போர்ட், 8 ஜிபியில் இரண்டு டிடிஆர்4 ரேம் வாங்கினோம். கார்ட் அதேதான். நானா பூட்டித் தந்த அன்றிரவு வேலரண்ட் 200ஐத் தாண்டி ஓடியது, சண்டையிலும் விழவில்லை. கிட்டவும் வராது என்று அந்த முதலாளி சொன்ன ஐ3தான் இது. பழைய ஐ7, புது ஐ3 இரண்டிலும் நாலு கோர் (கணக்குப் போடும் பகுதி), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை). இடையில் பத்துத் தலைமுறை இருக்கிறது.

போன கிழமை ஆரையம்பதிச் சித்தி தன் மகனுக்கு வாங்கப் போவதாகச் சொன்னார். ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன்: ப்ராசசரின் முழு எண், போர்டின் பெயர், ரேம் டிடிஆர் எத்தனை, கார்டின் முழுப்பெயர், எது புதிது எது பாவித்தது. இவ்வளவும் பில்லில் வர வேண்டும், ஓட விட்டு டாஸ்க் மேனேஜரில் காட்ட வேண்டும். சித்தி கடையிலிருந்தே போன் எடுத்தார். “மகன், எல்லாம் சொல்றாங்க, பில்லில எழுத மாட்டாங்களாம்.”

“காசைக் குடுக்காம வெளியே வாங்க சித்தி” என்றேன். வந்துவிட்டார்.